ஆழ்வார்பேட்டையில் ஒரு பெரிய வீடு: வாடகைக்குப் பின்னால் இருக்கும் நிலக் கணக்கு

சென்னை ஆழ்வார்பேட்டையிலும் அதைச் சுற்றியும் பெரிய வீடு தேடி அலைந்த மூன்று மாதத்தில் நாங்கள் பார்த்தவை பதினேழு வீடுகள். பெரும்பாலான இடங்களில் வாடகை எவ்வளவு என்று நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர்கள் என்னை விசாரித்து முடித்துவிட்டார்கள். எத்தனை பேர், உங்கள் வீட்டுக்காரருக்கு எங்கே வேலை, சொந்த ஊர் எது, எங்கேயாவது சொந்த வீடு இருக்கிறதா, மாமனார் மாமியார் கூடவே இருப்பார்களா, நாய் உண்டா, அசைவம் சமைப்பீர்களா. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுக்கத் தயாராக வந்து நிற்கும் குடும்பத்திடம் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்பதுபோல் கேட்டார்கள்.

ஓஎம்ஆர் எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் நிலைமை வேறு. சோழிங்கநல்லூரிலோ நாவலூரிலோ ஃபிளாட் வாங்கிப் போட்டவருக்குப் பெரும்பாலும் வங்கிக் கடன் ஓடிக்கொண்டிருக்கும். வீடு ஒரு மாதம் பூட்டிக்கிடந்தால் தவணையைக் கைக்காசில் கட்ட வேண்டும். அதனால் ஆள் கிடைத்ததும் சாவியைக் கொடுத்துவிடுவார். நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை, ராஜா அண்ணாமலைபுரம், போட் கிளப், போயஸ் கார்டன், கோட்டூர்புரம், அடையாறு காந்தி நகர் என்று இந்தப் பக்கம் பெரிய வீடு வைத்திருக்கும் பலருக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆறு மாதம் காலியாகக் கிடந்தாலும் தூக்கம் கெடாது. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். பெரிய அட்வான்ஸ், பதினொரு மாத ஒப்பந்தம், ரிப்பேருக்கு இழுத்தடிப்பது, ஆள் பார்த்து வீடு கொடுப்பது எல்லாமே ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 2,500 சதுர அடி ஃபிளாட், விற்றால் 5 கோடி போகும் என்று வைத்துக்கொள்வோம். வாடகை மாதம் ஒன்றேகால் லட்சம், வருடத்துக்கு 15 லட்சம். போட்ட மதிப்பில் அது 3 சதவீதம். சொத்து வரி, பெயின்டிங், குடித்தனம் மாறும்போது காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் கழித்தால் இரண்டரைதான் மிஞ்சும். அதே 5 கோடியை 7 சதவீத வட்டிக்கு டெபாசிட்டில் போட்டால் வருடம் 35 லட்சம் வரும். ஆக, வாடகைக்காக யாரும் இங்கே வீடு வைத்திருக்கவில்லை. நிலத்தின் விலை ஏறும் என்று வைத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைக்கு வேண்டும், அமெரிக்காவில் இருக்கும் மகன் என்றைக்காவது திரும்பினால் வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதுவரை வீடு பூஞ்சை பிடிக்காமல், குழாய் துருப்பிடிக்காமல், யாரும் ஆக்கிரமிக்காமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் குடித்தனக்காரர். அவரிடமிருந்து எதிர்பார்ப்பது முதலில் காவல், அப்புறம்தான் பணம். காவலுக்கு ஆள் வைக்கும்போது நாமும் பத்துக் கேள்வி கேட்கத்தானே செய்வோம்?

இந்த நிலம் இவ்வளவு விலை போவதற்குப் பழைய காரணங்கள் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் நெருக்கியடித்து வாழ்ந்த ஆங்கிலேய வணிகர்களும் அதிகாரிகளும் வெளியே வந்து தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டார்கள். நுங்கம்பாக்கம், தேனாம்பேட்டை, அடையாற்றுக் கரை எல்லாம் அப்படி ஏக்கர் கணக்கில் வளைக்கப்பட்ட காம்பவுண்டுகள்தான். படகோட்டும் கிளப் 1867இலேயே தொடங்கப்பட்டது; அதன் பெயர்தான் இன்று போட் கிளப் சாலைக்கும் அந்த வட்டாரத்துக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னாளில் இந்தக் காம்பவுண்டுகள் ஜமீன்தார்கள், செட்டியார்கள், பெரிய வக்கீல்கள் கைக்கு மாறின. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் பெயரில் ஒரு பேட்டையே இருக்கிறது. பிள்ளைகளுக்குள் பாகம் பிரிந்தது, 1978இல் வந்த நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் வேறு பயமுறுத்தியது. தோட்டங்கள் மனைகளாயின, மனைகள் ஃபிளாட்டுகளாயின. இன்றும் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சென்ட் கணக்கில் பேசுவதில்லை, கிரவுண்டு கணக்கில்தான் பேசுகிறார்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி.

ஃபிளாட்டுகள் வந்த விதமும் முக்கியம். நிலத்துக்காரர் நிலத்தைக் கொடுப்பார், புரமோட்டர் கட்டிடம் கட்டுவார், முடிந்ததும் ஆளுக்குப் பாதி என்றோ வேறு விகிதத்திலோ ஃபிளாட்டுகளைப் பிரித்துக்கொள்வார்கள். ஜாயின்ட் வென்ச்சர் என்பார்கள், சுருக்கமாக ஜேவி. இதன் விளைவு குடித்தனக்காரருக்கு முதல் நாளே தெரியவரும். கீழ்த் தளத்தில் பெரியவரும் அம்மாவும் இருப்பார்கள், இரண்டாவது மாடி மகளுக்கு, மூன்றாவது மாடி கனடாவில் இருக்கும் மகனுக்கு. மகன் வீட்டைத்தான் நமக்கு வாடகைக்கு விடுவார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து மகனுடையது அல்லது அவர் கொடுத்த பவர் பத்திரத்தின்படி அப்பாவுடையது. கூடிப்பேசி எடுக்கும் முடிவு மூன்று நேர மண்டலங்களில் சுற்றி வரும். கீஸர் மாற்ற வேண்டும் என்றால்கூட.

அப்புறம் ஒரு பழைய பயம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடித்தனக்காரருக்குப் பெரிய பாதுகாப்பு கொடுத்தது. ஆனால் மாத வாடகை 400 ரூபாய்க்கு மேல் இருக்கும் குடியிருப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று அதில் ஒரு விலக்கு இருந்தது. அந்தக் காலத்தில் 400 ரூபாய் வாடகை என்றால் பங்களாதான். 1986இல் ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாது என்றது. வியாபாரத்துக்கு எடுத்த இடத்துக்கு, வாடகை எவ்வளவு இருந்தாலும் பாதுகாப்பு உண்டு, குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் வரம்பா என்பது நீதிமன்றத்தின் கேள்வி. நியாயமான கேள்வி. அதன் பிறகு பெரிய வீட்டுக்காரர்களுக்கும் குடித்தனக்காரர் எழுந்து போகமாட்டாரோ என்ற பயம் வந்தது. பல வீடுகள் பூட்டிக்கிடந்தன. வங்கிக்கும் கம்பெனிக்கும் லீஸ் விடுவதே பாதுகாப்பு என்ற எண்ணம் வேரூன்றியது. அந்தச் சட்டம் போய்விட்டது. 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர், குடித்தனக்காரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பயம் மட்டும் அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து புரோக்கருக்கு என்று இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

பதினொரு மாத ஒப்பந்தம் இந்தப் பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்கு முத்திரைத் தீர்வையும் கட்டணமும் உண்டு. பதினொரு மாதம் என்று எழுதினால் அந்தப் பதிவு தேவையில்லை. ஆனால் புதிய சட்டத்தில் இந்தச் சந்து அடைபட்டுவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து ஒரு பதிவு எண் வாங்க வேண்டும். இணையத்திலேயே செய்துவிடலாம். எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் இருப்பதே வெளியேற்றக் கேட்பதற்கான ஒரு காரணமாகச் சட்டத்தில் இருக்கிறது. “நம்பிக்கைதான்மா முக்கியம், பேப்பர் எதுக்கு” என்று ஒரு வீட்டுக்காரர் அன்பாகச் சொன்னபோது நான் அந்த வீட்டை விட்டுவிட்டேன். நல்ல மனிதர்தான். ஆனால் நாளைக்கு அவருக்கு ஒன்று ஆகி, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து நின்றால் எங்கள் கையில் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருக்காது.

அட்வான்ஸ் விஷயம் சென்னைக்கே உரியது. பத்து மாத வாடகை என்பது இந்த ஊரில் நீண்ட காலமாக நடக்கிற வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கு ஒப்புக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது, ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் என்ற சொற்களையும் சேர்த்தே சொல்கிறது. அந்தச் சில சொற்களுக்குள்தான் பத்து மாதம் உட்கார்ந்திருக்கிறது. ஒன்றேகால் லட்சம் வாடகைக்குப் பத்து மாதம் என்றால் 12.5 லட்சம். வட்டியில்லாமல் அவரிடம் கிடக்கும். 7 சதவீதம் என்று பார்த்தால் வருடத்துக்கு 87,500 ரூபாய், மாதத்துக்கு ஏறக்குறைய 7,300. உங்கள் உண்மையான வாடகை ஒன்றேகால் லட்சம் இல்லை, ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம். பேரம் பேசும்போது பலரும் வாடகையில் ஐயாயிரம் குறைக்கத்தான் மல்லுக்கட்டுகிறார்கள். வாடகையைக் குறைத்தால் வீட்டின் மதிப்பே குறைந்ததுபோல் வீட்டுக்காரருக்கு மனம் சுருங்கும். அட்வான்ஸை நான்கு மாதம் குறைக்கச் சொன்னால் அந்த மாதிரித் தோன்றாது. எனக்கு மூன்று இடங்களில் அதுதான் எளிதாக நடந்தது.

பரப்பளவுக்கு வருவோம். 2,500 சதுர அடி என்று சொல்வது பெரும்பாலும் சூப்பர் பில்டப் ஏரியா. லிஃப்ட், படிக்கட்டு, லாபி, ஜெனரேட்டர் அறை, சில இடங்களில் ஜிம், எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்த கணக்கு. சுவருக்குள் கால் வைத்து நடக்கக்கூடிய இடம், அதாவது கார்பெட் ஏரியா, புதுக் கட்டிடங்களில் 1,750 தேறினால் நல்லது. வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம் வந்தபிறகு புதிய வீட்டை விற்பவர் கார்பெட் ஏரியாவைச் சொல்லியாக வேண்டும். வாடகைக்கு விடுபவரை அப்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நான் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். புரோக்கர் சங்கடப்பட்டார். ஆனால் 2,600 என்று சொன்ன புதுக் கட்டிடத்து ஹாலும், 1,900 என்று சொன்ன எண்பதுகளின் ஃபிளாட் ஹாலும் அளந்து பார்த்தால் ஒரே அளவு. பழையதில் லாபி கிடையாது, கிளப் ஹவுஸ் கிடையாது, ஒரு தளத்துக்கு இரண்டே வீடு. மூன்று பக்கம் ஜன்னல். மொசைக் தரை வெயில் காலத்தில் கால் வைத்தால் ஜில்லென்று இருக்கும். சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போட, பாத்திரம் தேய்க்க ஒரு சர்வீஸ் பால்கனி, வேலைக்கு வரும் அக்கா உட்கார்ந்து சாப்பிட இடம். இதையெல்லாம் சதுர அடி காட்டாது. என் கருத்து கேட்டால், பெரியவர்களோடு குடும்பமாக இருக்கப் பழைய ஃபிளாட்தான் உண்மையில் விசாலமானது. ஆனால் அதற்கு ஒரு ஆபத்து உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

வாடகையோடு போகும் மற்ற செலவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு இவ்வளவு என்று சூப்பர் பில்டப் கணக்கிலேயே போடுவார்கள். மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும். முழுத் தொகைக்கா, தாண்டிய பகுதிக்கு மட்டுமா என்று வழக்கு நடந்து, தாண்டிய பகுதிக்கு மட்டும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உங்கள் சங்கம் எப்படிப் போடுகிறது என்று ரசீதைப் பார்த்தால் தெரியும். மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு; 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படிநிலையே மாறிவிடும். நான்கு ஏசி உள்ள வீட்டில் கோடையில் அது சர்வசாதாரணம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை.

மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுப்பவர் வருமான வரிப் பிடித்தம் செய்து கட்ட வேண்டும், இது பலருக்கும் தெரியாமல் பிறகு நோட்டீஸ் வந்து தெரிகிறது. முன்பு 5 சதவீதம் இருந்தது, 2024 அக்டோபர் 1 முதல் 2 சதவீதம். மாதாமாதம் பிடிக்க வேண்டியதில்லை, நிதியாண்டின் கடைசி மாதத்திலோ காலி செய்யும் மாதத்திலோ ஒரே தடவையாகப் பிடித்துக் கட்டலாம். ஆனால் வீட்டுக்காரர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் கதை மாறுகிறது. அப்போது 50,000 என்ற வரம்பே கிடையாது, 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் வட்டியோடு கேட்பது உங்களிடம். நான் மேலே சொன்ன கனடா மகன்களும் சிங்கப்பூர் மகள்களும் நிறைந்த இந்தப் பகுதிகளில் இது அபூர்வமான விஷயமே இல்லை. வாடகையை அப்பாவின் கணக்கில் போடச் சொன்னாலும், பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, அவர் எங்கே வசிக்கிறார் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

தண்ணீர் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எவ்வளவு பெரிய வீடானாலும் சென்னையில் அது தண்ணீரில்தான் நிற்கிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது போயஸ் கார்டனும் லாரி தண்ணீர்தான், ஏழைகள் அதிகம் வாழும் புளியந்தோப்பும் லாரி தண்ணீர்தான். வித்தியாசம், இங்கே தனியார் லாரிக்குக் கொடுக்கப் பணம் இருந்தது. வீடு பார்க்கப் போகும்போது மார்பிள் தரையைப் பார்க்காதீர்கள், குளியலறைக்குப் போய் ஷவரின் முகத்தைப் பாருங்கள். துளைகளில் வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டியிருந்தால் உப்புத் தண்ணீர். வாஷ் பேசினில் குழாய் சொட்டும் இடத்தில் காவி நிறக் கோடு இறங்கியிருந்தால் போர்வெல் தண்ணீரில் இரும்பு. சமையலறையில் மெட்ரோ வாட்டருக்கு, அதாவது குடிநீர் வாரியத் தண்ணீருக்கு, தனிக் குழாய் இருக்கிறதா, அதற்குத் தனி சம்ப் (தரைக்கடித் தொட்டி) இருக்கிறதா என்று கேளுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல், மாடி வீட்டுக் குழாயைத் திறந்து ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள்.

வெள்ளத்துக்கு வாட்ச்மேன்தான் சாட்சி. கோட்டூர்புரத்தில் நல்ல அகலமான ஒரு வீடு எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. நதிப் பக்கம் காற்று அப்படி வந்தது. வீட்டுக்காரர், இங்கே தண்ணீரெல்லாம் வந்ததே இல்லை என்றார். கீழே இறங்கி வரும்போது அங்கே வெகுகாலமாக இருக்கும் வாட்ச்மேன் தாத்தாவிடம் கேட்டேன். அவர் எழுந்து கார் நிறுத்தும் இடத்துத் தூணில் கை வைத்துக் காட்டினார். “2015ல இது வரைக்கும் நின்னுச்சும்மா. இந்தப் பெயின்டு அதுக்கப்புறம் அடிச்சதுதான்.” கை அவர் மார்புக்கு நேராக இருந்தது. பக்கத்தில் பார்த்தால் தெரிந்தது, அந்த உயரத்துக்குக் கீழே பூச்சு உப்புப் பொரிந்து செதில் செதிலாக எழும்பியிருந்தது. ஜெனரேட்டரும் மின் பலகையும் அதே தரைமட்டத்தில். வீடு மூன்றாவது மாடியில்தான், நனையாது. ஆனால் மாமனாருக்கு இரவில் ஆக்சிஜன் கருவி தேவை. மின்சாரமும் லிஃப்டும் இல்லாத நான்கு நாட்களை நினைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

இதெல்லாம் பணத்தாலும் விசாரிப்பதாலும் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாத ஒன்று இருக்கிறது. “சைவம் மட்டும்” என்பது இந்தப் பகுதிகளில் வீட்டு விளம்பரத்தில் வெளிப்படையாக வருகிறது. அதன் பொருள் சாப்பாட்டோடு நிற்பதில்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். சொந்த ஊர் எது, குலதெய்வம் எங்கே என்று சுற்றி வளைத்துக் கேட்பது சாதியைத்தான். முஸ்லிம் பெயரைச் சொன்னதும் வீடு “நேத்துதான் முடிஞ்சுது” ஆகிவிடுகிறது. தனியாக இருக்கும் பெண், விவாகரத்தானவர், கல்யாணமாகாத ஆண் எல்லோருக்கும் ஒவ்வொரு பதில் தயாராக இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த தோழி, நல்ல சம்பளம், எங்களைவிட முன்னதாகத் தேடத் தொடங்கியவள், ஆறு மாதம் கழித்து இந்தப் பகுதியே வேண்டாம் என்று போய்விட்டாள். அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லிப் பாகுபாட்டைத் தடுக்கிறது. தனியார் வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமும் அட்வான்ஸைப் பற்றிப் பேசுகிறது, குழாய் வாஷரைப் பற்றிக்கூடப் பேசுகிறது, இதைப் பற்றிப் பேசவில்லை. வாடகை தேவைப்படாத வீட்டுக்காரருக்கு ஆள் கழித்துக் கட்டுவதால் நஷ்டம் கிடையாது. 3 சதவீதத்தில் கொஞ்சம் போனால் போகட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்து தனக்குப் பிடித்த மாதிரி ஆளைப் பிடித்துக்கொள்ள முடிகிறது. நிலத்தின் விலை இந்தத் தெருக்களில் சாதியையும் காப்பாற்றிக் கொடுக்கிறது. இதை மரபு என்றும் வீட்டுக்காரரின் விருப்பம் என்றும் சொல்லிக் கடந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, பழைய ஃபிளாட்டின் ஆபத்து என்றேனே. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டிட விதிகளில், சாதாரண உயரக் கட்டிடங்களுக்கு மனையின் பரப்பைப்போல ஒன்றரை மடங்கு கட்டலாம் என்று இருந்த அளவு இரண்டு மடங்காக உயர்ந்தது. 18.30 மீட்டர் உயரம் வரை, அதாவது கீழே கார் நிறுத்தமும் மேலே ஐந்து மாடியும். எண்பதுகளில் நான்கு கிரவுண்டில் எட்டே வீடு கட்டியவர்களுக்கு இது லாட்டரி. புரமோட்டர் வந்து, இடித்துக் கட்டி ஒவ்வொருவருக்கும் பெரிய புது வீடு தருகிறேன், மிச்ச வீடுகளை நான் விற்றுக்கொள்கிறேன் என்கிறார். முன்பு ஒருவர் முரண்டு பிடித்தாலும் நின்றுவிடும். 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். அந்தச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஆக, நீங்கள் ஆசையாக வாடகைக்கு எடுத்து, ஜன்னல்களுக்கு அளவெடுத்துத் திரை தைத்து, வார்ட்ரோப் செய்து முடிக்கும்போது, “அடுத்த மாதம் பில்டரிடம் கையெழுத்துப் போடப்போகிறோம்” என்று செய்தி வரலாம். இந்த ஏற்பாட்டில் உரிமையாளருக்குப் புரமோட்டரே வாடகை கொடுப்பது வழக்கம், அவர் வேறு வீடு பார்த்துப் போய்விடுவார். குடித்தனக்காரருக்கு யாரும் எதுவும் கொடுப்பதில்லை. சங்கத்தின் செயலாளரைப் பார்த்து ரீடெவலப்மென்ட் பேச்சு ஏதாவது ஓடுகிறதா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ஓடுகிறது என்றால், இத்தனை மாத அவகாசம், அட்வான்ஸ் இந்தத் தேதிக்குள் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லலாம். அதைக் கேட்டதும் வீட்டுக்காரரின் முகம் மாறும்; பதில் அப்போதே தெரிந்துவிடும்.

மெட்ரோ இரண்டாம் கட்டமும் கணக்கில் வர வேண்டிய ஒன்று. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் தடம் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, போட் கிளப், நந்தனம் வழியாகத் தரைக்கு அடியில் போகிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி போகும் தடம் நுங்கம்பாக்கத்தையும் அடையாறையும் தொடுகிறது. ரயில் ஓடத் தொடங்கினால் வாடகை ஏறும் என்று இப்போதே சொல்லிக் கேட்பார்கள். தடுப்பு வைத்துச் சாலையைச் சுருக்கியிருக்கும் காலத்தில் குடியிருக்கப் போவது நீங்கள் என்று பதிலுக்குச் சொல்லலாம்.

ஒப்பந்தத்தில் யார் எதைப் பழுது பார்ப்பது என்பதைத் தெளிவாக எழுத வேண்டும் என்று நான் கற்றது பணம் கொடுத்து. இதற்கு முன் இருந்த வீட்டில் மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து எங்கள் படுக்கையறைக் கூரையில் நீர் கசிந்தது. முதலில் ஒரு தட்டளவு கறை, எட்டு மாதத்தில் ஒரு பாயளவு. வெளிநாட்டில் இருந்த வீட்டுக்காரர் மேல் வீட்டில் பேசுங்கள் என்றார். மேல் வீட்டில் உங்கள் ஓனர் பேசட்டும் என்றார்கள். குழந்தைகளை ஹாலில் படுக்க வைத்தோம். காலி செய்யும்போது அந்தக் கறை படிந்த கூரை உள்பட முழு வீட்டுக்கும் பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள். புதிய சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இதைப் பிரித்தே வைத்திருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. கட்டிடத்தின் அமைப்புச் சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, குழாய்களை மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், கீஸர் ரிப்பேர், உடைந்த கண்ணாடி, கொசுவலை, பூட்டு, கைப்பிடி எல்லாம் குடித்தனக்காரர் பொறுப்பு. அந்த அட்டவணையை அப்படியே ஒப்பந்தத்தோடு இணைத்துவிட்டால் பாதிச் சண்டை வராது. வீட்டுக்காரர் உள்ளே வர 24 மணி நேரத்துக்கு முன் அறிவிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. கீழ்த் தளத்தில் குடியிருக்கும் பெரியவர் இன்னொரு சாவி வைத்திருக்கும் வீடுகளில் இதை மரியாதையாக முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

எப்போது தேடுவது என்றால், ஆடியில். பள்ளி விடுமுறை முடியும் மே, ஜூனில் எல்லோரும் தேடுவார்கள், வீட்டுக்காரர் கை ஓங்கியிருக்கும். ஆடியில் யாரும் பால் காய்ச்சமாட்டார்கள். வாட்ச்மேன் ஓய்வாக இருப்பார், புரோக்கர் போனை உடனே எடுப்பார், வீட்டைச் சாவகாசமாக இரண்டு முறை பார்க்கலாம். ஆடியில் பேசி முடித்து ஒரு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஆவணி முதல் வாரத்தில் குடிபோகலாம். நாங்கள் அப்படித்தான் போனோம், எண்பத்தாறில் கட்டிய வீட்டுக்கு, ஆறு மாத அட்வான்ஸுக்கு.

குடிபோன அன்று பால் பொங்குவதற்கு முன்பே ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்தோம். கூரையை, குளியலறைத் தரையின் விரிசலை, ஜன்னல் கண்ணாடியை, மின் மீட்டரின் எண்ணை. எல்லாவற்றையும் அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் எங்கள் கையால் ஒரு வரி சேர்த்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தரச் சட்டம் சொல்கிறது. நாங்கள் எழுதியிருப்பது, சாவி கைமாறும் அதே நாளில், மின் கட்டணத்துக்கு மட்டும் பத்தாயிரம் நிறுத்திக்கொண்டு மிச்சத்துக்குக் காசோலை.